வராதவரைத் தேடும் சபை

கிறிஸ்தவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை ‘ஐக்கியம்’. ஆராதனை முடிந்து தேநீரும் பிஸ்கட்டும் பரிமாறும் அரைமணி நேரத்துக்கும் இப்போது அந்தப் பெயர் வந்துவிட்டது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அதை ‘கொய்னோனியா’ என்பார்கள். உள்ளதைப் பங்கிட்டு வாழ்வது என்று பொருள். எருசலேமின் முதல் விசுவாசிகள் சொத்தை விற்றுத் தேவைப்பட்டவர்களுக்குப் பகிர்ந்தார்கள் என்கிறது அப்போஸ்தலருடைய நடபடிகள்.

கோலசிலாங்கூர் பக்கத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று எங்கே போனாலும் ஒரு தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். போதகர் மாதம் ஒருமுறை வந்தாலே பெரிது. மற்ற வாரங்களில் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் பாய் விரித்து ஜெபம் நடக்கும். ஓர் ஆள் குறைந்தாலும் தெரிந்துவிடும். ஜெபம் முடிந்த கையோடு இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி போகும். மழையால் பால்மரம் வெட்ட முடியாமல் சம்பளம் குறைந்திருந்தால் அரிசி போகும். பக்கத்து லயத்து இந்துக் குடும்பத்துக்கும் அதில் பங்கு உண்டு. தீபாவளிக்கு அவர்கள் வீட்டுத் தட்டு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுத் தட்டு போகும்.

இந்தப் பகிர்வு இல்லாத வழிபாட்டை வேதாகமமே ஏற்பதில்லை. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, ஏழைகள் பசியோடு இருந்தார்கள். அது கர்த்தருடைய விருந்தே இல்லை என்று பவுல் கண்டித்து எழுதினார். நம் தமிழ் மண்ணிலும் அப்படி நடந்ததுண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடம் கட்டி, சாதிவாரியாக மக்களைப் பிரித்து உட்கார வைத்தார்கள். நடுவில் இருந்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

இன்று நம் சபைகளில் கல்லால் கட்டிய சுவர் இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர் ஒரு பக்கம், தமிழ் மட்டும் தெரிந்தவர் ஒரு பக்கம் நிற்பதைப் பார்க்கிறேன். காரில் வந்தவர்கள் கூடிப் பேசுகிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாட்டியிடம் யாரும் பேசுவதில்லை.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் வட்டாரத் தெனமாரத்தில்தான் தொடங்கியது. பிற்காலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் ஆள் தேவையும் குறைந்தது. பிள்ளைகள் ஷா ஆலம், பூச்சோங், ரவாங் என்று வேலை தேடிப் போனார்கள். அங்கே பெரிய சபைகள், நல்ல இசை, அகலத் திரை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வாரம் நீங்கள் போகாவிட்டால் அங்கே யாராவது வீடு தேடி வருவார்களா? நீங்கள் யாரையாவது தேடிப் போயிருக்கிறீர்களா?

இங்கே தோட்டத்துச் சிற்றாலயங்களில் வயதானவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். முழங்கால் வலியால் வர முடியாமல் போகிறவரை அழைத்துவர ஆளில்லை. காணிக்கையை வங்கி வழியாக அனுப்பிவிடலாம். கைபிடித்துப் படியேற்றி விடுவதை அப்படி அனுப்ப முடியாது.

இந்த மலையிலுமல்ல, எருசலேமிலுமல்ல, எங்கும் உண்மையாகத் தொழுதுகொள்ளும் காலம் வரும் என்ற கருத்தில் இயேசு கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் பேசினார். அதனால் தோட்டம் விற்கப்பட்டாலும், ஆலயம் இடிக்கப்பட்டாலும் விசுவாசம் அழியாது. பாயில் உட்கார்ந்து ஜெபித்தவர்கள் காட்டிய அக்கறையை மட்டும் நாம் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஊருக்கு வரும் பிள்ளைகள் காரில் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருங்கள். ஆலயத்துக்கு வர முடியாத ஒரு தாத்தாவோ பாட்டியோ உங்கள் தெருவிலேயே இருப்பார்.