ஸ்டேன் சுவாமியின் கேள்வியும் அருமனை மேடையும்

2021 ஜூலை 5 அன்று, பீமா கோரேகான் வழக்கில் ஜாமீன் மறுக்கப்பட்ட நிலையிலேயே மும்பை மருத்துவமனையில் இறந்தார் ஸ்டேன் சுவாமி. வயது 84. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்த இயேசு சபைப் பாதிரியார்.

பதின்மூன்று நாள் கழித்து, குமரி மாவட்டம் அருமனையில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அங்கே பேசிய பாதிரியார் ஜார்ஜ் பொன்னையா, பாரத மாதா மீதுள்ள பக்தியால் செருப்பணியாமல் நடப்பவரைக் கேலி செய்தார். பிறகு வருத்தம் தெரிவித்தார், ஆனாலும் கைதானார். மதங்களுக்கிடையே பகை வளர்த்ததாகச் சொல்லும் பிரிவுகளை ரத்து செய்ய 2022 ஜனவரியில் உயர்நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

அந்தப் பேச்சுக்காகக் கைது தேவையா என்பது தனி விவாதம். நாம் கேட்பது வேறு: அன்று யாருடைய குரல் காணாமல் போனது?

அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையும் 1996இன் பெசா சட்டமும் ஏன் ஏட்டிலேயே கிடக்கின்றன என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் ஸ்டேன் சுவாமி. நாங்கள் வேலை செய்யும் கொல்லிமலைக் குண்டூர் நாட்டுக்கும் அது சொந்தக் கேள்வி. மலையாளிப் பழங்குடிகள் வாழும் இந்த மலை உட்பட, தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்படவில்லை. தமிழ்நாடு முழுக்க அது பேசப்பட்டிருக்க வேண்டிய நேரத்தில், செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

'அம்பேத்கரும் பெரியாரும் கடுமையாகப் பேசவில்லையா?' என்று தோழர்கள் கேட்பார்கள். பேசினார்கள். அம்பேத்கரின் அடி, சாதியைக் காக்கும் சாஸ்திரத்தின் மேல் விழுந்தது, ஆதாரத்தோடு விழுந்தது. ஒருவரின் வெறுங்கால் மேல் விழவில்லை. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கவே போராட வேண்டியிருந்த நமக்கு, வெறுங்கால் எப்படிக் கேலிப்பொருளாகும்?

மலையில் இதன் விலை இன்னும் அதிகம். எட்டுக்கை அம்மனைப் 'பிசாசு' என்று ஒரு போதகர் சொன்னால், அவர் அன்றே வண்டியேறிப் போய்விடலாம். அண்ணன் அம்மனைக் கும்பிட, தம்பி ஜெபத்துக்குப் போகும் வீடு இங்கேயேதான் இருக்கும். பழங்குடிப் பட்டியலில் இடம்பெற மதம் தடையில்லை. ஆனால் கிறிஸ்தவப் பழங்குடிகளைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லும் குரல் நாட்டில் வலுக்கிறது. 'மலையையே வென்றோம்' என்று மேடையில் பெருமை பேசினால், அந்தக் குரலுக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுத்ததாகும்.

நாவடக்கம் என்றால் வாய்மூடல் அல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றி, பிரசங்க பீடங்கள் எத்தனை ஞாயிறு பேசின? அடுத்தவர் கடவுளைப் பழிக்கத் துணிச்சல் தேவையில்லை, கைதட்டல் கிடைக்கும். சொந்தச் சபையின் சாதியைக் கண்டிக்கத்தான் துணிச்சல் வேண்டும்.

எனவே ஆயர்களிடமும் போதகர்களிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறோம். பேசுமுன் யோசியுங்கள்: இந்தச் சொல்லுக்கு நாளை பதில் சொல்லப் போவது நீங்களா, மலையில் பத்து வீட்டுச் சபையா?