ஏத்தத்துக்கு எதுக்குய்யா கைடு?

மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு வந்தா போதும், ஆபீஸ்ல நாலு பேராவது சைக்கிளைத் தூக்கிக்கிட்டு மலைக்குக் கிளம்பிடறாங்க. ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை, ஊட்டின்னு ஏதோ ஒண்ணு. எட்டு பத்து பேர் இருக்கற சின்ன குரூப், ஒரு கைடு, கூடவே ஒரு வேன், ராத்திரிக்கு நல்ல ரூம். நல்ல விஷயம்தான். நானும் போயிருக்கேன், இனியும் போவேன். அதனால "சைக்கிள் மிதிக்க எவனாவது காசு குடுப்பானாடா"ன்னு கேக்கற பெரியப்பா கட்சி இல்ல நான். என் சண்டை வேற. நாம குடுக்கற காசு மலையோட தப்பான பாதிக்குப் போகுது.

மலைன்னா ரெண்டு பாதி. ஏத்தம் ஒண்ணு, இறக்கம் ஒண்ணு. ஏத்தத்துல நம்ம வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். நாய் துரத்தினாகூட அதுக்கே போரடிச்சுத் திரும்பிடும். இருக்கறது ஒரே ரோடு, வழி தவற வாய்ப்பே இல்ல. மிஞ்சிப் போனா மூச்சு வாங்கும், தொடை பிடிச்சுக்கும். இறங்கி கட்டைச் சுவர்ல உக்காந்து தண்ணி குடிச்சா சரியாப் போச்சு. இறக்கத்துல அதே ரோடு, அதே ஆளு, வேகம் மட்டும் நாப்பது. அங்க தப்பு பண்ணா உக்கார சுவர் கிடைக்காது. சுவர்ல மோதத்தான் முடியும்.

ஆனா இந்த ட்ரிப் விளம்பரம் எதையாவது எடுத்துப் படிங்க. வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டி 36, கொல்லிமலை 70. எல்லாமே ஏத்தப் பெருமை. வழியில வாழைப்பழம், உச்சியில டிரோன் வீடியோ, கழுத்துல மெடல். இறக்கத்தைப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "அதன்பின் அழகான மலைப்பாதையில் கீழே இறங்குகிறோம்." அம்புட்டுதேன்!

அந்த ஒரு வரியில என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்.

எங்க ட்ரிப்புல எட்டு பேர். சேலத்துல ரூம். முதல் நாள் ஏற்காடு, 20 வளைவு, ஜாலியா முடிஞ்சது. ரெண்டாம் நாள் காரவள்ளி வரைக்கும் வேன்ல போய் அங்கேருந்து கொல்லிமலை. ஒவ்வொரு வளைவா எண்ணிக்கிட்டே ஏறி, உச்சியில கட்டிப் பிடிச்சு போட்டோ எடுத்தாச்சு. அப்பதான் லேசா தூறல் ஆரம்பிச்சது. கைடு தம்பி என்ன சொன்னாரு தெரியுமா? "எல்லாரும் மெதுவா இறங்குங்க ப்ரோ, காரவள்ளியில மீட் பண்ணலாம்." சொல்லிட்டு முதல் ஆளா அவர் பறந்துட்டாரு. வேன் ஏற்கனவே சாப்பாடு ஏற்பாடு பண்ண கீழ போயிடுச்சு.

கூட வந்த நண்பன் ஓட்டினது அவங்களே வாடகைக்குக் குடுத்த சைக்கிள். மேலேருந்து பிரேக்கைப் பிடிச்ச பிடி விடாம இறங்கியிருக்கான். பாதி மலையில கை மரத்துப் போச்சு, லிவர் ஹேண்டில்பாரைத் தொடற அளவுக்கு வந்துடுச்சு. ஒரு வளைவுல திரும்ப முடியாம நேரா பக்கச் சுவர். நான் அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து பார்க்கறேன், ரோட்டோரம் தோளைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். காலர் எலும்பு போயிடுச்சு. போன்ல டவர் இல்ல. முன்னாடி கைடு இல்ல, பின்னாடியும் யாரும் இல்ல.

காப்பாத்தினது யாரு? அன்னாசிப்பழ லோடு ஏத்திக்கிட்டு இறங்கின ஒரு மினி லாரி அண்ணன். வண்டியை ஓரங்கட்டி, அவர் தோள்ல கிடந்த துண்டை எடுத்து இவன் கையைக் கழுத்தோட சேர்த்துக் கட்டி, முன்சீட்டுல ஏத்திக்கிட்டாரு. சைக்கிளை பழத்து மேல போட்டோம். காரவள்ளி வந்தா நம்ம தம்பி டீ கிளாஸோட நிக்கறாரு. "என்ன ப்ரோ லேட்டு?"ங்கறாரு. பக்கத்துல எக்ஸ்ரே எடுக்கற ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு அப்பதான் போன்ல தேட ஆரம்பிச்சாரு.

ஆளுக்கு 11,500 ரூபாய் வாங்கினவங்க செய்ய வேண்டிய வேலையை, பத்து பைசா வாங்காத ஒருத்தர் செஞ்சாரு. வயித்தெரிச்சலா இருக்காதா?

படிச்ச இன்ஜினியரிங்குக்கு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. ஆயிரம் மீட்டர் இறங்கினா வெளிய போக வேண்டிய சக்தி சுமார் 830 கிலோஜூல். ரெண்டரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கற சூடு அது. வேகமா போனா கணிசமான பங்கைக் காத்து வாங்கிக்கும். பயந்து பயந்து மெதுவா போறவனுக்கு? பெரும்பாலும் பிரேக்குக்குத்தான். ரிம் பிரேக்கா இருந்தா ரிம் காய்ஞ்சு டியூப் வெடிக்கலாம். டிஸ்க்கா இருந்தா பேட் பளபளன்னு ஆகிப் பிடிமானம் போயிடும். அதாவது ஜாக்கிரதையா ஓட்டறதா நினைச்சு பிரேக்கை விடாமப் பிடிக்கற புது ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம். இதை அவனுக்கு யார் சொல்லணும்?

கைடுதான். நேர் ரோட்டுல விடு, வளைவுக்கு முன்னாடியே நல்லா அழுத்தி வேகத்தைக் குறை, வளைவுக்குள்ள போய் அழுத்தாதே, கையைக் கீழ்ப் பிடியில வை, அங்கதான் லிவருக்கு பலம் அதிகம். மலையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் உரிமை, குறுகலான இடத்துல இறங்கறவன்தான் ஒதுங்கி நிக்கணும். கொண்டை ஊசியில பஸ்ஸுக்கு முழு ரோடும் வேணும், அதனால ஹாரன் கேட்டா நில்லு. இதெல்லாம் சொல்ல பத்து நிமிஷம் ஆகுமா? இறங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிரேக்கையும் அழுத்திப் பார்க்க இன்னொரு பத்து நிமிஷம். பாதியில ரெண்டு தடவை எல்லாரையும் நிறுத்தி கையும் ரிம்மும் ஆற விடணும். வேர்வையோட உச்சியில நின்னவன் இறக்கத்துல குளிர்ல நடுங்குவான், அவனுக்கு ஒரு ஜாக்கெட். கடைசி ஆளுக்குப் பின்னாடி ஒருத்தர், அவருக்கும் பின்னாடி வேன். ராக்கெட் விஞ்ஞானமா இது?

உடனே சில பேர் வருவாங்க. "சாகசம்னா ரிஸ்க் இருக்கத்தான் செய்யும்." சரிங்க. திடீர்னு குறுக்க வர்ற குரங்கு ரிஸ்க். தேஞ்ச பிரேக் ரிஸ்க் இல்ல, சோம்பேறித்தனம். "ஃபாரத்துல கையெழுத்து போட்டீங்களே?" போட்டேன். மலையால ஆபத்து வந்தா என் பொறுப்புன்னுதான் போட்டேன், நீங்க டீ குடிக்கப் போறதுக்கு இல்ல. "இன்னொரு ஆள் போட்டா விலை ஏறும் ப்ரோ." ஜெர்சியும் மெடலும் டிரோனும் வேணாம், அந்தக் காசுல ஆளைப் போடுங்க. அதுக்கும் மேல ஆகும்னா ஆயிரம் ரூபா ஏத்திக்கங்க, தர்றேன்.

எல்லாத்தையும் அவங்க தலையிலயே கட்டவும் மனசு வரல. வாட்ஸப் குரூப்புல நாங்க கேட்ட கேள்விகளை அப்புறமா எடுத்துப் பார்த்தேன். ரூம்ல ஏசி உண்டா, ராத்திரி நான்வெஜ் உண்டா, டீசர்ட் மீடியம் சைஸ் கிடைக்குமா. இறக்கத்தைப் பத்தி எட்டு பேர்ல ஒருத்தர்கூட கேக்கல. நானும்தான். எங்க ஆபீஸ்ல நல்லபடியா நடந்தா எப்படி நடக்கும்னு மட்டும் டெஸ்ட் பண்ணி ஒரு சாப்ட்வேரை ரிலீஸ் பண்ணா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. எலும்பு விஷயத்துல அதைத்தான் பண்ணேன்.

அதனால அடுத்த லீவுக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி நாலே நாலு கேள்வி கேளுங்க மக்கா. இறங்கும்போது கடைசி ஆளுக்குப் பின்னாடி யார் வருவாங்க? வேன் அந்த நேரம் எங்க இருக்கும்? முதலுதவி முறையாக் கத்துக்கிட்டவர் யாரு? எக்ஸ்ரே இருக்கற ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்? பதில் சொல்ல ஆள் முழிச்சா போகாதீங்க. உங்க நாலு ஃப்ரெண்ட்ஸே மாத்தி மாத்திக் கடைசியில வந்தா அதைவிடப் பாதுகாப்பு.

ஏத்தத்துக்கு நம்ம கால் போதும் சாமி. காசு குடுக்கறது கீழ கொண்டு வந்து சேர்க்கறதுக்கு.

டிஸ்கி: நண்பன் இப்ப நல்லா இருக்கான், திரும்பவும் மிதிக்க ஆரம்பிச்சாச்சு. அந்த லாரி அண்ணனோட துண்டு இன்னும் அவன் வீட்டுலதான் இருக்கு. துவைச்சு மடிச்சு வச்சிருக்கான். அடுத்த தடவை கொல்லிமலை போறப்ப தேடிப் பிடிச்சுக் குடுக்கணுமாம்.