சுரவரிசை சுமையா?

நம் மாணவரிடையே கிதார் மோகம் பெருகியிருக்கிறது, மகிழ்ச்சியே. ஆனால், கருவி வாங்கிய முதல் வாரமே பாட்டு வாசிக்க வேண்டும் என்று துடிக்கிறோம். மேஜர், மைனர் ஸ்கேல் என்றால் முகம் சுளிக்கிறோம். 'அது வெறும் விரல் பயிற்சி. இசையன்று' என்பது நண்பர்கள் பலரின் வாதம். எனக்கு அது உடன்பாடன்று.

மேல்நாட்டுச் செவ்வியல் கிதாரின் பேராசான் ஸ்பெயின் நாட்டு ஆந்த்ரே செகோவியா. மேஜர் 12, மைனர் 12 ஆக 24 ஸ்கேல்களுக்கும் விரலமைப்பு வகுத்து, 1953-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நாள்தோறும் இரண்டு மணி நேரம் அவற்றைப் பயில வேண்டும் என்பது அவர் கருத்து. இவ்வளவு வற்புறுத்தக் காரணம் என்ன?

கருவியையே அளந்து பாருங்கள். தந்தியின் நீளம் பொதுவாக 650 மி.மீ. தலைப்பிலிருந்து முதல் மெட்டு ஏறத்தாழ 36 மி.மீ. தொலைவு, 11-ஆம் மெட்டுக்கும் 12-ஆம் மெட்டுக்கும் இடையே 19 மி.மீ. தான். ஒவ்வொரு மெட்டும் அரைச்சுரமே. ஆயினும் விரல் விரிய வேண்டிய அளவு இடந்தோறும் வேறுபடுகிறது. இக்கணக்கை நான் தாளில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவேன்; என் விரல்கள் கற்கவோ மாதங்கள் ஆகின்றன. அதற்கு ஸ்கேலை விட்டால் வேறு வழியில்லை.

விரலினும் பெரிய பயன் செவிக்கு. மேஜர் ஸ்கேலின் சுரங்கள் நம் சங்கராபரணத்தின் சுரங்களே. மைனரில் மூவகை உண்டு. இயல்பான மைனர் நடபைரவி. ஹார்மோனிக் மைனர் கீரவாணி. மெலோடிக் மைனரோ ஏறும்போது கௌரிமனோகரி, இறங்கும்போது நடபைரவி! கமகமும் பிடிகளும் இல்லாமல் ராகம் ஆகாது என்பது உண்மைதான். எனினும் இந்தச் சுர உறவுகள் நம் செவிக்குப் புதியனவல்ல. ஆறாம் சுரமும் ஏழாம் சுரமும் ஏற்றத்தில் உயர்ந்து, இறக்கத்தில் தாழ்வதைக் காது கொடுத்துக் கேட்டவனுக்கு அதுவே இசை.

விரைவு ஒன்றையே குறியாகக் கொண்டு ஸ்கேலை ஓட்டித் தள்ளுவோரும் உளர். அதுவும் வீணே. சரளி வரிசையை முதற்காலத்தில் திருத்தமாகப் பாடிய பின்னரே நம் ஆசிரியர்கள் அடுத்த காலத்திற்கு விடுவார்கள். அந்த ஒழுங்கு கிதாருக்கும் பொருந்தும்.

ஆய்வுக்கூடத்துக்கும் தேர்வுக்கும் இடையே செகோவியாவின் இரண்டு மணி நேரம் நமக்கு ஏது? இருபது நிமிடம் போதும். வாரத்துக்கு ஒரு மேஜர், அதன் துணை மைனர். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட, ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் ஒலிக்கட்டும்.

இளமையில் இசை கற்கும் வாய்ப்பு எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. இருபது வயதுக்குமேல் கருவியைத் தொட்ட நம்மைப் போன்றோர்க்கு, வசதியோ பரம்பரையோ கேட்காமல் திறக்கும் வாயில் இந்த எளிய சுரவரிசை. அதைச் சுமை என்று தள்ளிவிட்டுக் கிதாரைப் பரணில் ஏற்றுவது நமக்கே இழப்பு.