வழி தவறியது வாகனம், தண்டனை வீரருக்கா?



சாலை ஓட்டப் போட்டியில் முன்னால் செல்லும் வாகனமே திசை மாறினால், அதன் பின்னே ஓடியவர்கள் ஏன் நஷ்டப்பட வேண்டும்? 2017 அக்டோபரில் வெனிஸ் மாரத்தானில் நடந்தது இன்னும் மனத்தை உறுத்துகிறது. சுமார் 25 கிலோமீட்டர் வரை முன்னணியில் இருந்த வீரர்கள், வழிகாட்டி மோட்டார் சைக்கிளைத் தொடர்ந்து பாதையை விட்டு விலகினார்கள். சில நூறு மீட்டர் போய்த் திரும்பியதில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் பறிபோனது. பின்னால் வந்த இத்தாலியர் எயோப் ஃபனியேல் சரியான பாதையில் ஓடி, 2 மணி 12 நிமிடம் 16 விநாடியில் வென்றார். அவர்மீது தவறேதும் இல்லை, வெற்றி அவருடையதே.

பாதையைத் தெரிந்து வைத்திருப்பது வீரரின் பொறுப்பு என்று சொல்லி அமைப்பாளர்கள் ஒதுங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வெளிநாட்டு நகரத்தில், கிலோமீட்டருக்கு மூன்று நிமிட வேகத்தில் ஓடுபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று யோசிக்க முடியுமா? வாகனத்தை முன்னே அனுப்புவதே, இதை நம்பி வாருங்கள் என்று சொல்வதுதான். பரிசுத் தொகையை நம்பித்தான் பல தொழில்முறை வீரர்களின் குடும்பம் நடக்கிறது.

வாகனம் ஓட்டுபவர் முந்தைய நாளே முழுப் பாதையையும் சுற்றிவர வேண்டும். திருப்பங்களில் தடுப்பும் ஆளும் கட்டாயம். அப்படியும் தவறு நேர்ந்தால், வென்றவரின் பரிசில் கைவைக்காமல், வழிமாற்றப்பட்டவர்களுக்கு அமைப்பாளர்களே இழப்பீடு தர வேண்டும். உலகத் தடகள அமைப்பு இதை விதியாகவே எழுதிவைக்கட்டும்.

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்