பொன்னகரத்தில் குறியீடு தேடுவோர்

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ குறித்த ஆய்வுரைகளில் அடிக்கடி ஒரு பட்டியல் தென்படுகிறது. தெருக்குழாய் வறண்டுபோன மனிதநேயத்தின் குறியீடு. ரயில் நவீனத்தின் குறியீடு. சந்தின் இருள் சமூக அறியாமையின் குறியீடு. அம்மாளு சீரழிந்த நாட்டின் உருவகம். பட்டியல் முடிந்ததும் ஆய்வும் முடிந்துவிடுகிறது. கதையில் வரும் முக்கால் ரூபாய்க்கு மட்டும் அதில் இடமில்லை.

அந்த முக்கால் ரூபாய்தான் கதை. அம்மாளு ஆலைக்கூலி. ஜட்கா ஓட்டும் கணவன் முருகேசன், குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்துக் காயத்தோடு கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை. சந்தின் இருளில் அவள் 12 அணா ஈட்டுகிறாள். 1934-இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த இக்கதை, கற்பு பேசுவோர் முன் அந்தத் தொகையை வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. அதை எதற்குக் குறியீடாக்குவது?

மறைபொருள் தேடுவதே பிழை என்பதன்று வாதம். தொல்காப்பியமே உள்ளுறை உவமத்துக்கு இலக்கணம் கூறுகிறது; ஆனால் தெய்வம் நீங்கலான கருப்பொருளே அதற்கு நிலைக்களன் என்று வரம்பும் கட்டுகிறது. மருதத்து எருமை முதலில் எருமையாகவே வயலில் மேய வேண்டும். பிறகுதான் அது தலைவனை உணர்த்தும். நிலத்தைக் காணாதவர்க்கு உள்ளுறையும் இல்லை. புதுமைப்பித்தனும் குறியீடு அறியாதவர் அல்லர். ‘சாப விமோசன’த்தில் அகலிகை மீண்டும் கல்லாகிறாள், அந்தக் கல் கல்லுக்கு மேலும் பொருள் தாங்குகிறது. அங்கு வாசகர் தேடலாம், தேடவும் வேண்டும்.

‘பொன்னகர’த்தின் இயக்கம் வேறு. புராணங்கள் பாடிய பொன்னகரின் பெயரைக் கூலிகள் வாழும் சந்துக்குச் சூட்டுவது உருவகமன்று, வஞ்சப்புகழ்ச்சி. உருவகம் இரண்டை ஒன்றாக்கும். வஞ்சப்புகழ்ச்சி சொல்லுக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள பிளவைத் திறந்து காட்டும். இறுதியில் கதைசொல்லி வாசகரை நேரே விளித்து, ஒரு சுட்டுச்சொல்லால் அந்த இடத்தைக் காட்டுகிறார். சுட்டும் குறியீடும் வெவ்வேறு என்பது சார்ல்ஸ் பர்ஸ் முதலாகக் குறியியலின் தொடக்கப் பாடம். புகை நெருப்பைச் சுட்டுகிறது. நெருப்புக்குப் பதிலாக நிற்பதில்லை. சுட்டிய விரலைப் பற்றிக்கொண்டு விரலுக்கு உரை எழுதுவோர், அது காட்டிய தெருவைப் பார்க்காமலே பட்டம் பெறுகின்றனர்.

2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ‘பொன்னகர’த்தையும் ‘துன்பக்கேணி’யையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. தலித் மக்களை இழிவாகக் காட்டுகின்றன என்பது புகார். புகாரை விவாதிக்கலாம், விவாதிக்கத்தான் வேண்டும். ஆனால், ‘எல்லாம் வெறும் உருவகம், யாரையும் குறிக்கவில்லை’ என்று கதையைக் காப்பாற்ற முனைவது நீக்கத்தைவிடக் கொடிது. நீக்கம் கதையை வகுப்பறையிலிருந்து வெளியேற்றுகிறது. இந்த வாதமோ கதையிலிருந்து மனிதர்களையே வெளியேற்றுகிறது.

இவ்வாசிப்பின் விலையை மும்பையில் வைத்துப் பார்ப்பது நல்லது. தாராவித் தமிழரில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பத்தினர். புதுமைப்பித்தன் வளர்ந்ததும் அச்சீமையே. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை வைத்தே நாளை வகுத்துக்கொள்ளும் சந்துகள் அங்கு இன்றும் உண்டு. தாணேயின் குடிசைப் பகுதிகளிலும் உண்டு. அச்சந்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி, கதையின் குழாயடிச் சண்டையை உரை இல்லாமலே அறிவாள். அவளிடம் அது மனிதநேய வறட்சியின் குறியீடு என்று சொல்லி, அதையே விடைத்தாளில் எழுதச்செய்து மதிப்பெண் வழங்கும் வகுப்பறை, அவள் அறிந்ததை அறிவென்று ஏற்க மறுக்கிறது. மேல்மாடித் தொட்டியிலிருந்து நீர் இறங்கும் வீட்டார்க்கே தெருக்குழாயைக் குறியீடாகக் காணும் ஓய்வு வாய்க்கிறது.

‘பொன்னகர’த்தைக் கற்பிப்போர் குறியீட்டுப் பட்டியலை ஓராண்டு ஒதுக்கிவைக்கட்டும். வேறு கேள்விகள் கேட்கட்டும்: அம்மாளுவின் கூலி ஏன் அன்றிரவு கையில் இல்லை? காயமடைந்தவனுக்கு மருத்துவம் எங்கே? 12 அணா கொடுத்தவனைப் பற்றி ஊர் என்ன பேசும்? விடைகள் குறியீட்டு அகராதியில் கிடைக்கமாட்டா. கதையிலும், அது சுட்டும் தெருவிலும் கிடைக்கும்.