கப்பலேறும் முகவர்கள்

சாணார்பட்டிப் பக்கம் கடல் கிடையாது. இங்கிருந்து உல்லாசக் கப்பலேறுவோர் டிராவல்ஸ்காரரின் சொல்லை நம்பியே ஏறுகின்றனர். ஆகவே, உடன்வரும் முகவர் அங்கே விருந்தாளியல்லர், பொறுப்பாளர் என்பதே நம் கருத்து.

2022 ஜூன் 4 அன்று சென்னையில் முதலமைச்சர் தொடங்கிவைத்த கோர்டிலியா கப்பல் புதுச்சேரியில் நிற்பதற்கு அம்மாதம் அங்குள்ள அரசு அனுமதி தரவில்லை. கப்பலிலிருந்த சூதாட்டக் கூடத்துக்கு எதிர்ப்பு எழுந்திருந்தது. இப்படிப் பயணத் திட்டத்தில் ஓர் ஊர் விடுபட்டால், பயணிகளிடம் முதலில் வந்து விவரம் சொல்லவேண்டியவர் முகவரே.

தமக்குக் கிடைத்த சலுகைக் கட்டணத்தைச் சாப்பாட்டு மேசையில் பெருமை பேசுவதும், பிற முகவரின் வாடிக்கையாளரிடம் விசிட்டிங் கார்டு நீட்டுவதும் அழகன்று. சன்னலில்லாத உள்ளறையை விற்றவர், அந்தக் கதவை ஒருமுறையேனும் தட்டி நலம் விசாரிக்கட்டும். கமிஷன் கரையிலேயே கைக்கு வந்துவிடுகிறது. நம்பியவர்களுக்கான கடமை கடலில்தான் தொடங்குகிறது.