புழு எந்த ஊர்?

பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாள் எங்களுக்கு ஒரு சின்னத் திருவிழா. மென்று முழுங்கும்வரை டீச்சர் பக்கத்திலேயே நிற்பார். சாயந்தரமே செருப்பில்லாமல் பீலிக்கரைக்கு ஓடுவோம். ஈர மண்ணில் காத்திருக்கும் கொழுக்கிப்புழுவின் குடம்பி காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு குடலுக்கு இறங்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அங்கே அது வருஷக்கணக்கில் இரத்தம் உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். லுணுகலைப் பக்கத்து லயங்களில் "உடம்புல ரத்தமே இல்ல" என்று அம்மாமார் சொல்வதற்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை.

ஆர்ட்ஸ் படிக்கிற உங்களுக்குப் புழுவின் மரபணு எதுக்கு என்று கேட்பீர்கள். பெயர்களைப் பார்த்தால் இது எங்கள் பாடம்தான்.

மனிதரிடம் அதிகம் காணப்படும் கொழுக்கிப்புழு நெகாட்டர் அமெரிக்கானஸ். 1902இல் அமெரிக்கரான ஸ்டைல்ஸ் விவரித்ததால் அந்தப் பெயர். ஆனால் அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் அங்கே போனது என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள். இன்னொன்று அன்சைலொஸ்டோமா சிலானிகம். 1911இல் லூஸ் என்பவர் இலங்கைப் புனுகுப்பூனையில் கண்ட புழுவுக்கு எங்கள் தீவின் பெயரையே வைத்துவிட்டார். அதுவோ மலேசியா, கம்போடியா, சொலமன் தீவுகள் வரை பரவிக் கிடக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் உரிய புழு, மனிதருக்கு அபூர்வம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். நுணுக்குக்காட்டியில் இந்தப் புழுக்களின் முட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி. மரபணுவை வாசித்த பிறகுதான் கம்போடியக் கிராமத்தில் மனிதர் வயிற்றிலும் நாய் வயிற்றிலும் ஒரே வகை இருப்பது தெரிந்தது.

எங்கள் மலைநாட்டில் மரபணு வாசிக்காமலே தீர்ப்புச் சொன்னார்கள். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிய காலத்தில் பதில் ரெடியாக இருந்தது: தென்னிந்தியக் கூலிகள் கொண்டுவருகிறார்கள். மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, மருந்து கொடுத்துத்தான் அனுப்பினார்கள். புழு எங்கள் பாட்டன் வயிற்றில் வந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கக்கூஸ் இல்லாத லயத்தை அவர் வயிற்றில் கொண்டுவரவில்லையே! மருந்து கொடுக்கக் கொடுக்க, அதே மண்ணிலிருந்து புழு திரும்பக் காலேறியது. கக்கூஸ் கட்டுவது செலவு என்று துரைமார் இழுத்தடித்தார்கள். ஆள் வேலைக்கு வரணும், அவ்வளவுதான் அவர்கள் கவலை.

அதற்காக மரபணு ஆராய்ச்சியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. செய்யுங்கள், எங்கள் ஊரிலேயே செய்யுங்கள். எங்கள் பிள்ளைகளின் புழுவையும், காம்பரா வாசலில் படுத்திருக்கும் நாயின் புழுவையும், பீலிக்கரை மண்ணையும் சேர்த்துப் பாருங்கள். கேள்வியை மட்டும் மாற்றுங்கள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டது போதும். இப்போது யாருக்கும் யாருக்கும் நடுவில் சுற்றுகிறது என்று கேளுங்கள். நாய்ப்புழுதான் பிள்ளைகளிடமும் இருக்கிறது என்றால் பள்ளிக்கூட மாத்திரை பாதி வேலைதான். விசர் ஊசி போட ஆள் வரும்போது அதே பையில் நாய்க்குப் பூச்சி மருந்தும் வரட்டும்.

செருப்பு போடச் சொல்லிப் பாடம் எடுக்க மட்டும் வரவேண்டாம். எங்கள் அம்மாயிமார் அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வெறுங்காலோடுதான் மலைக்கு ஏறுகிறார்கள். ரப்பர் செருப்பு போட்டால் சரிவில் வழுக்கும் என்கிறார்கள். நாங்களும் போட்டுப் பார்த்தோம். வழுக்கத்தான் செய்கிறது.